நிறையாத எருக்குழி

மே 4

என் அருமை மருமகள் குண்டூசிக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. நான் நலம். உன் அத்தை நலம். மாடுகள் ஏழும் நலம். அதிலும் அந்தச் செவலை இப்போது கறக்கிற பாலைப் பார்த்துவிட்டு, பால் வண்டி ஓட்டுநர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போகிறார். ("ரெண்டு செம்பு கறக்கிறதுக்கு இவ்வளவு அளப்பா?" என்று உன் அத்தை பின்னால் நின்று சொல்கிறாள். நீ கண்டுகொள்ளாதே.)

போனில் பேசக் கூடாதா என்று கேட்டிருந்தாய். இந்த மேட்டில் சிக்னல் இல்லை. பால் நிலையத்துக்கு இறங்கிப் போனால் கிடைக்கும். ஆனால் நான் பேச ஆரம்பித்ததும் எதிரில் இருப்பவர்களுக்கு எப்படியோ சிக்னல் போய்விடுகிறது. அதனால் கடிதம்தான் எனக்கு வசதி. நடுவில் யாரும் வெட்ட முடியாது. காலையில் பால் வண்டியில் கொடுத்துவிட்டால் உன் ஊருக்குத் தானாக வந்து சேர்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தண்ணீர் அலுவலகம் அனுப்பிய சிமெண்ட் வந்தது, தகரம் வந்தது, நீ போட்ட படமும் வந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் கைவிட்டவன் என்றாலும், ஒரு பார்வையில் படம் முழுக்கப் புரிந்துவிட்டது. இந்த வட்டாரத்துச் சின்னப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு மாதிரி எருக்குழி, அதுவும் நம் வீட்டில்! கேட்டதும் எனக்கு மார்பு இரண்டு பங்காகிவிட்டது. சட்டைப் பொத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

குழி தயார். நீ கொடுத்த கெடுவில் கால்வாசி கூட ஆகவில்லை. உன் படத்தில் இருப்பதைவிட மேலான குழி என்று மட்டும் இப்போது சொல்கிறேன். படித்தவர்கள் நீங்கள் தரையைப் பார்த்துத் திட்டம் போடுவீர்கள். உன் மாமன் பூமிக்குள் இறங்கி யோசித்தான். என்ன ஆழம் தெரியுமா! சாணியைக் கூடையிலிருந்து தள்ளிவிட்டு, நெற்றி வேர்வையைத் துடைத்த பிறகுதான் விழுந்த சத்தம் கேட்கிறது. மேலே உன் தகரக் கூரை கம்பீரமாக நிற்கிறது.

மிச்சத்தை வந்து பார். அசந்துபோவாய்.

உன் மாமன்


மே 11

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சிரித்துக்கொண்டே படித்தேன். பக்கத்து மேசைக்காரி என்னவென்று கேட்டாள். செவலையின் பெருமை இப்போது எங்கள் சோதனைக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது.

ஆனால் மாமா, ஆழம் எதற்கு? நான் வரைந்தது குழியே இல்லை. பேருக்குத்தான் எருக்குழி. கொட்டகைக்குப் பின்னால், மேட்டுப் பக்கமாக ஒரு சிமெண்ட் தளம், சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர், மேலே தகரம், ஓரமாகச் சாணித் தண்ணீர் வடிந்து சேர ஒரு சின்னத் தொட்டி. அவ்வளவுதான். சாணி மண்ணைத் தொடக் கூடாது, மழையைப் பார்க்கக் கூடாது. இந்த இரண்டுக்காகத்தான் எல்லாமே. ஆழமாகத் தோண்டினீர்கள் என்றால் அடியில் சிமெண்ட் பூசினீர்களா? தோண்டிய மண்ணை எங்கே கொட்டினீர்கள்?

இதை ஏன் உங்கள் வீட்டிலிருந்து தொடங்கினேன் என்று தெரியுமா? நம் சொந்தம் என்பதால் இல்லை. உங்களுக்குக் கீழே சரிவில் தையல்காரி வீடு இருக்கிறது. அவளுக்குக் குடிக்க அந்தக் கிணறு ஒன்றுதான். மேலே இருப்பவை உங்கள் மாடுகளும் வாத்துக்காரருடைய வாத்துகளும். மழை பெய்தால் மேலே இருப்பதெல்லாம் மண்ணுக்குள் இறங்கி அவள் வாளிக்குத்தான் போகும். அவள் இப்போது நிறைமாதம். பிறந்த குழந்தைக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. பெரியவர்களை ஒன்றும் செய்யாத அளவு கூடக் குழந்தையைக் கொன்றுவிடும்.

நானே வந்து பார்த்திருக்க வேண்டும். இங்கே ஒரு பன்றிப் பண்ணைத் தகராறு என்னை விடவில்லை. "உங்க மாமா இடத்தைப் பாத்தாச்சா?" என்று மேலதிகாரி கேட்டார். "என் மாமா வீடுதான் சார், நான் தங்கிப் படிச்ச வீடு" என்றேன். "அப்போ பாத்த மாதிரிதான்" என்று சிரித்தார். 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

என் மானம் உங்கள் கையில்.

குண்டூசி


மே 27

என் மருமகளுக்கு,

உன் மானம் என் கையில் பத்திரமாக இருக்கிறது. அதற்கு நான் மெருகு வேறு போட்டுவிட்டேன்!

நேற்று நம் வீட்டில் திருவிழாக் கூட்டம். உன் அலுவலகத்து ஜீப் வந்தது, அதன் பின்னால் வட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும். எண்ண முடியவில்லை. ("எனக்கு எண்ண முடிஞ்சுது, பன்னிரண்டு டம்ளர்தான் கழுவினேன்" என்கிறாள் உன் அத்தை.) எல்லோரையும் முன்வாசல் தளத்தில் உட்கார வைத்தேன். கண்ணாடி மாதிரித் தளம். குனிந்தால் முகம் தெரியும். அது எப்போது போட்டது என்று ஒருவர் கேட்டார். பேச்சை வேறு பக்கம் திருப்பினேன்.

பிறகு குழிக்கு அழைத்துப் போனேன். தகரத்துக்குக் கீழே பலகை மூடி. அதை ஒரு கையால் தூக்கி, "இது நிலத்தடித் தொழில்நுட்பம்!" என்றேன். யாருக்கும் மூச்சு வரவில்லை, கிட்டே வந்து எட்டிப் பார்க்கவும் இல்லை. நாற்றம் காரணம் என்று உன் அத்தை சொல்கிறாள். நான் வியப்பு என்கிறேன். உன் மேலதிகாரி மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே என் தோளைத் தட்டினார். "நல்லா மூடி வெச்சிருக்கீங்க. மழை உள்ள போகாது" என்றார். நான் ஒரு சின்ன உரை நிகழ்த்தினேன். சின்னது என்றால், மாடுகள் கறவைக்குக் கத்துகிற வரைக்கும். வாத்துக்காரர் பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, என் வாத்துக்கு இப்படி ஒண்ணு செய்ய முடியுமா?" என்று கேட்டார். "உனக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாதுப்பா, மூளை வேணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இதைக் கேள், இதுதான் அதிசயம். இந்தக் குழி நிறையவே மாட்டேன் என்கிறது! ஏழு மாட்டுச் சாணி, மூத்திரம், கொட்டகை கழுவுகிற தண்ணீர், எல்லாம் போகிறது. மறுநாள் மூடியைத் திறந்தால் மட்டம் கீழே இறங்கி நிற்கிறது. இப்படி ஒரு குழியை நீ எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டாய்.

மண் எங்கே என்று கேட்டிருந்தாய். மண்ணுக்கு என்ன, மண் மண்ணோடு போயிற்று. ரொம்பக் கேள்வி கேட்காதே, கண் பட்டுவிடும்.

தையல்காரிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றான். ஆள் தெரிந்து பிடிக்கிறான்.

உன் மாமன்


ஜூன் 24

அன்புள்ள மாமாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். தையல்காரி பால் வண்டி ஓட்டுநரிடம் ஒரு புட்டியில் தன் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். மழை தொடங்கியதிலிருந்து வாசனை வருகிறதாம். புட்டி இப்போது என் மேசையில் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெளிவாகத்தான் தெரிகிறது. எனக்குப் பயமே அதுதான். நம்மைப் பயமுறுத்துகிற பொருள் கண்ணுக்குத் தெரியாது. சோதனை முடிவு வர ஒரு வாரமாகும்.

அவளுக்குத் தாய்ப்பால் போதவில்லை, மாவுப்பால் கரைத்துக் கொடுக்கிறாள் என்று ஓட்டுநர் சொன்னார். அந்தத் தண்ணீரில்தான் கரைக்கிறாள்.

நீங்கள் இன்றே இறங்கிப் போய் அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். சேர்த்துச் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம்: "கிணத்துத் தண்ணி ஒரு சொட்டு கூடப் பிள்ளைக்குக் குடுக்காதே. பால் நிலையக் குழாயிலிருந்து எடுத்துக்கோ." இவ்வளவுதான்.

இன்னொன்று. உங்கள் குழி எங்காவது வழிகிறதா? கசிகிறதா? வாத்துக்காரர் பக்கம் எப்படி இருக்கிறது? மேலே இருப்பது நீங்கள் இரண்டு பேர்தான். உங்களுடையதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பதால் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

குண்டூசி


ஜூன் 29

என் மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்த கையோடு, செருப்புக் கூடப் போடாமல் தையல்காரி வீட்டுக்கு ஓடினேன். (சரி, மாடு கறந்துவிட்டு, செருப்புப் போட்டுக்கொண்டுதான் போனேன்.) நீ சொன்னதைச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் எளிமையாக. பச்சைப்பிள்ளைக்காரியிடம் போய், உன் தண்ணீரில் விஷம் என்று சொன்னால் பயந்துவிட மாட்டாளா? பால் நிலையக் குழாய்க்கு அந்தச் சரிவில் குடத்தோடு ஏறி இறங்க முடியுமா அவளால்? "என் மருமக ஆபீசர். நானும் ஏறக்குறைய அந்த ஆபீஸ்தான். நல்லாக் கொதிக்க வெச்சுக் குடுத்தா எந்தக் கிருமியும் பக்கத்துல வராது" என்றேன். பாவம், கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. "நீங்க மேல இருக்கிறது எனக்கு எவ்வளவு தைரியம் தெரியுமாண்ணே" என்றாள். இப்போது ஒருமுறைக்கு இரண்டுமுறை கொதிக்க வைக்கிறாளாம். அப்படி ஒரு பொறுப்பு.

குழியா? வழிவதா? நிறைந்தால்தானே அம்மா வழிவதற்கு! மழையிலும் மட்டம் ஏறவில்லை.

வாத்துக்காரரைப் பற்றிக் கேட்டாயே, சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்த ஆள் வாத்துகளை வாய்க்காலில்தான் இறக்கிவிடுகிறார். முற்றம் முழுக்க எச்சம், மழைத் தண்ணீரில் வெள்ளையாக ஓடுகிறது, என் கண்ணால் பார்த்தேன். மூடியா, தகரமா, ஒன்றும் கிடையாது. நான் யாரையும் குறை சொல்கிறவன் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் கேட்டாய், சொன்னேன்.

உன் மாமன்


ஜூலை 7

மாமாவுக்கு,

சோதனை முடிவு வந்துவிட்டது. பெரியவர்கள் குடிக்கிற வரம்பையே தாண்டிவிட்டது. நான் நினைத்த அதே உப்பு, நைட்ரேட். சாணியிலிருந்தும் எச்சத்திலிருந்தும் வருவது. உங்கள் கடிதத்தை நம்பி, வாத்துக்காரர் வாத்துகளை உடனே அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று அலுவலக உத்தரவு அனுப்பினேன்.

நேற்று மதியம் தையல்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். உதடு நீலம், நகம் நீலம். அழக் கூடத் தெம்பு இல்லை. அந்த உப்பு உள்ளே போனால் குழந்தையின் ரத்தத்தால் மூச்சுக்காற்றைச் சுமக்க முடியாது. ஊசி போட்டு, குழாய் வைத்திருக்கிறார்கள். இருக்கிறான். இன்னும் எதுவும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

என்ன தண்ணீர் கொடுத்தாய் என்று டாக்டர் கேட்டார். "மேல்வீட்டு அண்ணன் சொன்னபடி நல்லா சுண்டக் கொதிக்க வெச்சுத்தான் குடுத்தேன்" என்றாள். பெருமையோடு சொன்னாள் மாமா. கிருமி என்றால் கொதித்தால் சாகும். இது உப்பு. சுண்டச் சுண்டத் தண்ணீர்தான் குறையும், உப்பு அப்படியே இருக்கும். இரண்டுமுறை கொதித்ததால் விஷம் கெட்டியானதுதான் மிச்சம்.

நான் சொன்னது இரண்டே வாக்கியம். அதை அப்படியே சொல்ல உங்களால் முடியவில்லை.

குண்டூசி


ஜூலை 10

மருமகளுக்கு,

உன் கடிதத்தை உன் அத்தை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள். என்னால் முடியவில்லை. அவளே வாங்கிப் படித்தாள். அதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. பேசாமலே சோறு வைக்கிறாள்.

கொதித்தால் இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்வேனா? நல்லதுதானே நினைத்தேன்.

வாத்துக்காரர் வாத்துகளை விற்றுவிட்டார். லாரி வந்தது. நானே கூடப் போய் நின்று, கூடையில் பிடித்துப் போட்டுக் கொடுத்தேன். "விடுப்பா, பிள்ளை உசிரை விட வாத்தா பெருசு" என்று ஆறுதலும் சொன்னேன். அவர் லாரிக் கதவைச் சாத்தினார். பால் நிலையத்தில் இப்போது அவரோடு யாரும் நின்று பேசுவதில்லை. "பிள்ளைத் தண்ணியில எச்சத்தைக் கலந்தவன்" என்று காதுபடவே சொல்கிறார்கள்.

எப்படியோ, வாத்து போய்விட்டது. இனித் தண்ணீர் சுத்தமாகிவிடும் இல்லையா? பிள்ளை எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி எழுது.

மாமன்


ஜூலை 16

மாமாவுக்கு,

ஒரே கேள்வி. அளக்காமல் பதில் எழுதுங்கள்.

அந்தத் தகரக் கூரை எதன் மேல் நிற்கிறது?


ஜூலை 18

மருமகளுக்கு,

அது ஒரு பெரிய கதை என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

பழைய கிணற்றின் மேல் நிற்கிறது.

கொட்டகைக்குக் கீழ்ப்பக்கம், வற்றிப்போனது என்று நாங்கள் பலகை போட்டு மூடி வைத்திருந்த கிணறு. சின்னப் பிள்ளையில் நீ அதற்குள் கல் போட்டு விளையாடுவாய். உன் படத்தைப் பார்த்ததும், தோண்ட வேண்டாம், கட்ட வேண்டாம், ஆண்டவன் எனக்காகத் தோண்டி வைத்த குழி என்று தோன்றியது. சுற்றிலும் சுவர் இருக்கிறது. தகரம் போட்டால் மழை போகாது. தண்ணீர் இல்லாத கிணற்றுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

சிமெண்டை முன்வாசலுக்குப் போட்டேன். கூட்டம் வரும், நல்ல இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று.

குழி ஏன் நிறையவில்லை என்று எப்போது புரிந்தது என்று கேட்பாய். உன் ஜூன் மாதக் கடிதம் வந்தபோதே மனசுக்குள் ஏதோ நெருடியது. நெருடியதால்தான் வாத்துக்காரரைப் பற்றி அவ்வளவு எழுதினேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. இது நமக்குள் இருக்கட்டும். உன் கையெழுத்து வேறு அதில் இருக்கிறது. நான் கிணற்றுக்குள் இறங்கி, இருக்கிறதையெல்லாம் வாரி வெளியே போட்டு, சத்தமில்லாமல் மூடிவிடுகிறேன். வாத்துகள் போனது போனதுதான், திரும்பியா வரப்போகிறது? ஊரில் தலை நிமிர்ந்து நடந்தவன் நான். போகிற இடத்திலெல்லாம் உன்னைப் பற்றிப் பெருமை பேசிவிட்டேன்.

பிள்ளையைப் பற்றி நீ எழுதவே இல்லை.

மாமன்


ஜூலை 21

மாமாவுக்கு,

முதலில், கிணற்றுக்குள் இறங்காதீர்கள். சாணி அழுகிய குழிக்குள் விஷக்காற்று நிற்கும். இறங்கியவர் ஏற மாட்டார், தூக்கப் போனவரும் ஏற மாட்டார். அலுவலகம் உறிஞ்சும் வண்டி அனுப்பும். காலியானதும் களிமண் போட்டு மூட வேண்டும். அதற்குப் பிறகும் தையல்காரி கிணறு தேறப் பல மாதங்களாகும்.

பிள்ளை பிழைத்துவிட்டான். உதடு சிவந்துவிட்டது. நாளை வீட்டுக்கு வருகிறான்.

அந்தக் கேள்வியை ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன். வாத்துகள் போன பிறகு எடுத்த தண்ணீரில் உப்பு இன்னும் கூடியிருந்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தையல்காரி பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்துப் படுக்கைக்காரியின் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "நீங்க இல்லேன்னா என் பிள்ளை இல்லம்மா. உங்க மாமாவும் அப்படித்தான். பழைய கிணத்து மேல தகரம் போட்டு எவ்வளவு அழகா மூடி வெச்சிருக்கார், எங்க வீட்டு ஜன்னல்லேர்ந்து தெரியும்" என்றாள்.

நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தன் தண்ணீர்ப் புட்டியை எனக்குக் குடிக்கக் கொடுத்தாள். அவள் ஜன்னலிலிருந்து தெரிகிறது மாமா. நான் ஒருமுறை வந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். நீங்கள் அளப்பவர் என்று ஊருக்கே தெரியும், எனக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தும் 'பார்த்தேன்' என்று எழுதினேன். உங்கள் பொய்யில் கற்பனையாவது இருந்தது. என்னுடையது ஒரே சொல்.

மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். விசாரணை வரும். வரட்டும். இது நமக்குள் இருக்காது.

வாத்துக்காரருக்கு நான் உத்தரவை ரத்து செய்து கடிதம் அனுப்ப முடியும். அனுப்புவேன். ஆனால் நான் எழுதினால் அது ஆபீஸ் காகிதம், அவர் மடித்துப் பெட்டியில் வைப்பார். பால் நிலையத்தில் அவரைப் பேசியவர்கள் அதைப் படிக்க மாட்டார்கள். அவர்கள் காதில் விழும்படி சொல்ல நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். தையல்காரியிடமும் நீங்களே சொல்லுங்கள். வாழ்க்கையில் ஒருமுறை, சேர்க்காமல்.

எனக்கு அங்கே வர முகமில்லை.

குண்டூசி


ஆகஸ்ட் 1

மருமகளுக்கு,

சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு நாள் காலையில், பால் நிலையத்தில் எல்லோரும் கேனோடு வரிசையில் நிற்கிற நேரம். வாத்துக்காரரும் இருந்தார். அவருக்கு ஒரு பசு இருக்கிறது, அதன் பாலைக் கொண்டுவந்து கடைசியில் தனியாக நின்றார். பால் அளக்கிற மேடைமேல் நான் ஏறி, "பிள்ளைக்கு வந்தது வாத்துனால இல்லை, என்னாலதான். பழைய கிணத்துக்குள்ள சாணியைக் கொட்டினேன். கொதிக்க வெச்சுக் குடுக்கச் சொன்னதும் நான்தான்" என்றேன்.

சிரித்தார்கள்.

"ரேடியோ இன்னைக்கு நாடகம் போடுது டோய்!" என்று என் பட்டப்பேரைச் சொல்லிக் கத்தினார் ஒருவர். "கிணறு நிறையச் சாணியா? உங்க ஏழு மாடா மாமா போட்டுச்சு, இல்லை ஏழு யானையா?" என்றார் இன்னொருவர். "வாத்துக்காரன் மேல இரக்கப்பட்டுப் பழியைத் தூக்கிப் போட்டுக்கறார், பெரிய மனசு" என்று ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்யச் சிரிப்பு கூடியது. சத்தியம் பண்ணித்தான் நான் செவலையின் பாலைப் பற்றியும் சொல்வேன், உனக்குத் தெரியும். இத்தனை காலம் சொன்ன ஒன்றையும் நம்பாமல் ரசித்தவர்கள், இதையும் ரசித்தார்கள். மேடையில் நின்றபடி எனக்கு அழுகை வந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

சிரிக்காமல் நின்றது வாத்துக்காரர் மட்டும்தான். கேனைக் கீழே வைத்துவிட்டு, "வாங்கண்ணே, போய்ப் பாக்கலாம்" என்றார்.

அவர் நடந்தார். நான் பின்னால் நடந்தேன். வேடிக்கை பார்க்க மற்றவர்களும் வந்தார்கள். அன்றைக்கு நான் ஒரு கையால் தூக்கிய மூடியை இந்தத் தடவை அவர் தூக்கினார். எட்டிப் பார்த்தார். கிணற்றுச் சுவர் தெரிந்தது, அதில் பழைய கயிறு தேய்த்த தடமும் தெரிந்தது. சிரிப்பெல்லாம் அப்படியே நின்றுபோயிற்று. ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார்கள்.

அவர் மூடியை மெதுவாக வைத்தார். கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "அண்ணே, லாரி வந்தன்னைக்கு ஒரு வாத்து கை நழுவி ஓடிச்சே, துரத்திப் பிடிச்சுக் கொண்டாந்து போட்டீங்களே" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

குண்டூசி, அந்த வாத்தை விட்டிருக்கலாம். ஒன்றையாவது விட்டிருக்கலாம்.

உறிஞ்சும் வண்டி வந்து போயிற்று. கிணற்றில் களிமண் போட்டாயிற்று. சாணியை இனி எங்கே போடுவது என்று நான் நின்றுகொண்டிருந்தபோது உன் அத்தை வாயைத் திறந்தாள். "சிமெண்ட் தளம் ஒண்ணு இருக்கே, முன்வாசல்ல. கண்ணாடி மாதிரி" என்றாள். கூடையை எடுத்து வந்து முதல் கூடையை அவளே கொட்டினாள். தகரத்தைக் கழற்றி அங்கே கூரையாகப் போட்டேன். ஓரத்தில் செங்கல் வைத்துச் சுவர் எழுப்பினேன், உன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதிலிருக்கிற மாதிரியே. வடியும் தண்ணீருக்குத் தொட்டியும் வைத்திருக்கிறேன். இப்போது நம் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் எருக்குவியலைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். யாரும் வருவதில்லை என்பது வேறு.

தையல்காரியிடமும் சொன்னேன். பிள்ளையை மடியில் வைத்து மிஷின் தைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே தைத்தாள். தையல் கோணிப் போயிற்று. பிரித்தாள். மறுபடி தைத்தாள். "போயிட்டு வாங்கண்ணே" என்றாள். "வாங்க" என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தினமும் காலையில் பால் நிலையக் குழாயில் ஒரு கேன் தண்ணீர் பிடித்து அவள் வாசற்படியில் வைக்கிறேன். முதல் சில நாட்கள் கேன் அப்படியே இருந்தது. பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக வைத்துவிட்டு வந்தேன். கதவு திறக்கவில்லை. அவள் தம்பி எங்கிருந்தோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தான். இன்று போனபோது படியில் காலிக் கேன் இருந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது, நல்ல பலமான அழுகை. நான் கூப்பிடவில்லை. புதுக் கேனை வைத்துவிட்டு, காலியை எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

உனக்கு இங்கே வர முகமில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு இங்கே இருக்க முகமில்லை. இருந்தும் இருக்கிறேன்.

இதில் ஒரு சொல்லும் சேர்த்து எழுதவில்லை. ஆனால் நீ நம்பாதே.

வந்து பார்.

மாமன்